காசிமேட்டில் ஓடிய டீசல் வேனை வாங்குவதற்கு முன்

மீன் ஏற்றுவதற்காக நான் வாங்கிய முதல் பழைய வேனின் பெயிண்ட் பளபளவென்று இருந்தது. மூன்றாம் மாதம் பின்பக்கத் தளத்தில் கால் வைத்தேன். தகடு உள்ளே போய்விட்டது. காசிமேடு துறைமுகத்தில் ஓடிய வண்டிக்குக் கடல்காற்று பாதி எதிரி, மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் உப்புநீர் மீதி எதிரி. ஆகவே முதலில் குனிந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். சேஸிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, ஸ்பேனரால் தட்டுங்கள். 'டங்' என்று ஒலிக்க வேண்டும், 'பொத்' என்றால் திரும்பிவிடுங்கள். புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் இன்னும் அதிகமாகச் சந்தேகப்படுங்கள்.

விடியற்காலையில் போய் எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும். நீலப் புகை விடாமல் வந்தால் ஆயில் எரிகிறது. கரும்புகைக்கு டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரோ ஏர் ஃபில்டரோ காரணமாகலாம்.

புதிய வண்டியா? 2020 ஏப்ரல் முதல் பிஎஸ்-6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிதான். பல டீசல் வண்டிகளில் கரித்துகள் வடிகட்டி உண்டு. அது தன்னைச் சுத்தம் செய்துகொள்ள வண்டி சிறிது நேரம் தடையின்றி வேகமாக ஓட வேண்டும். ராயபுரத்துக்கும் தண்டையார்பேட்டைக்கும் நடுவே கன்டெய்னர் லாரிகளின் பின்னால் ஊர்கிறவருக்கு அது தலைவலி. தினமும் பொன்னேரி போய்வருகிறவர் தாராளமாக வாங்கலாம்.

ஆர்.சி. (பதிவுச் சான்று), எஃப்.சி. (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் எல்லோரும் பார்ப்பதுதான். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. கடன் முடிந்த வண்டியென்றால் 35. சேஸிஸ் எண்ணை வண்டியிலேயே படித்து ஒப்பிடுங்கள். துரு அந்த எண்ணையும் தின்றிருந்தால், விலையை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.