கிளெய்முக்கு எழுதும் கொட்டேஷன்: பிளம்பர்கள் சறுக்கும் இடங்கள்

வீட்டுக்காரருக்கு எழுதும் கொட்டேஷனை அவர் ஒழுகும் பைப்பைப் பார்த்துக்கொண்டே படிப்பார். காப்புறுதி கிளெய்முக்கு எழுதுவதை, பெரும்பாலும் அந்த வீட்டு வாசலையே மிதிக்காத ஒருவர் மேசையில் வைத்துப் படிப்பார். காகிதத்தில் இல்லாதது அவருக்கு நடக்கவே இல்லை.

கோலாலம்பூர் செந்தூலில் ஓர் இரட்டை மாடி வீடு, சிலிங்குக்கு மேலே டேங்க் பைப் உடைந்து கீழ் அறை நனைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். "பைப் ரிப்பேர், சிலிங், பெயிண்ட்: 3,800 வெள்ளி" என்று ஒரே வரியில் எழுதுவதுதான் முதல் தவறு, மிகப் பெரிய தவறும் அதுதான். பைப்போ டேங்க்கோ திடீரென உடைந்து தண்ணீர் கெடுத்ததற்குத்தான் வீட்டுக் காப்புறுதி பொதுவாகப் பணம் தரும். வருடக்கணக்கில் துருப்பிடித்துத் தேய்ந்த பைப்புக்குத் தராது. இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டால், காப்புறுதி நிறுவனத்துக்காகச் சேதத்தை மதிப்பிடும் அட்ஜஸ்டரால் தர வேண்டியதைக்கூடப் பிரித்தெடுக்க முடியாது.

மூன்றாகப் பிரியுங்கள். அன்றைக்கே தண்ணீரை அடைத்த அவசர வேலை ஒன்று. "25 மி.மீ. ஜிஐ எல்போ 1, பைப் 1.5 மீட்டர் மாற்றுதல்" என்ற பைப் வேலை ஒன்று (ஜிஐ என்பது துத்தநாகம் பூசிய இரும்பு, எல்போ என்பது வளைவு இணைப்பு). தண்ணீர் கெடுத்ததைச் சரிசெய்வது மூன்றாவது: "பிளாஸ்டர் சிலிங் 48 சதுர அடி கழற்றிப் புதிதாக மாட்டுதல், சுவர் 120 சதுர அடி, சீலர் 1 கோட், பெயிண்ட் 2 கோட்". ஒவ்வொன்றுக்கும் சாமான், கூலி தனித்தனி. அட்ஜஸ்டர் எப்படியும் வெட்டுவார் என்று அளவைக் கூட்டி எழுதாதீர்கள். அவர் கையில் போட்டோவும் டேப்பும் இருக்கும். 48 அடி 80 ஆனால் சரியாக எழுதிய வரிகளும் சந்தேகத்துக்குள்ளாகும்.

காரணத்தை எழுதும்போது கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். "எல்போவின் மரைப் பகுதியில் 3 செ.மீ. விரிசல்" என்பது போதும். துரு இருந்தால் துரு என்றே எழுதுங்கள். வாடிக்கையாளர் கெஞ்சினாலும் "திடீரென வெடித்தது" என்று மாற்றாதீர்கள். பொய்க் கிளெய்மில் உங்கள் கையெழுத்தும் இருக்கும். உடைந்த துண்டைக் குப்பையில் போடாமல் தேதி எழுதிய பையில் வையுங்கள். கழற்றுவதற்கு முன்பே, பக்கத்தில் டேப் வைத்து போட்டோ எடுங்கள்.

வாட்டர் ஹீட்டரில் வேறு விதமான தவறு. பம்ப் இல்லாத 3.6 கிலோவாட் ஹீட்டர் கெட்டிருக்க, பம்ப் வைத்த மாடலுக்கு விலை போட்டால் கூடுதல் தொகையைக் காப்புறுதி ஏற்காது. அதே தரத்துக்கு விலை போட்டு, மேம்பாட்டை வீட்டுக்காரருக்குத் தனிக் காகிதத்தில் கொடுங்கள். அந்த ஹீட்டர் 16 ஆம்பியர் வரை இழுக்கும். தனி லைன், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 10 மில்லியாம்பியர் ஆர்சிசிபி இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த மின்வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற வயர்மேன்தான் செய்ய வேண்டும். அவர் கூலி தனி வரியில் வரட்டும்.

காண்டோவில் மேல் வீட்டுக் கசிவென்றால் அவசரப்பட்டு கொட்டேஷன் எழுதாதீர்கள். மலேசியாவின் 2015ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாக விதிமுறைகளின்படி, புகார் கிடைத்த 7 நாளுக்குள் நிர்வாகம் வந்து பார்க்க வேண்டும். பிறகு 28ஆம் பாரத்தில் சான்றிதழ் தர வேண்டும். யார் பைப் என்று அதில்தான் தெரியும். கொட்டேஷன் யார் பெயருக்கு என்பதும் அதைப் பொறுத்ததே.

நனைந்த சுவர் காய்வதற்கு நாள் ஒதுக்காமல் விடுவதும் சகஜம். ஈரத்தின் மேல் அடித்த பெயிண்ட் கொப்பளித்து உரியும், இரண்டாவது முறை அடிக்கும் செலவு உங்கள் தலையில் விழும். ஈரமானியில் அளந்த பிறகே பெயிண்ட் என்று கொட்டேஷனிலேயே எழுதிவிடுங்கள்.

பணம் பெரும்பாலும் வீட்டுக்காரர் கணக்குக்குத்தான் போகும், அதுவும் எக்சஸ், அதாவது காப்புறுதி ஏற்காத முதல் பகுதி, கழித்து. அந்த எக்சஸையும், அட்ஜஸ்டர் குறைக்கும் தொகையையும் யார் கட்டுவது என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். அவசர வேலை தவிர மற்றதை ஒப்புதல் கடிதம் வராமல் தொடாதீர்கள். கிளெய்ம் வாரக்கணக்கில் இழுக்கும் என்பதால் கொட்டேஷன் 60 நாள் செல்லும் என்று போடுங்கள். 14 நாள் என்று போட்டால், ஒப்புதல் வருவதற்குள் சாமான் விலை ஏறி, எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டியிருக்கும்.