லாரிக்கு டிரைவர் வேண்டுமா? கிளீனர் சீட்டிலிருந்து தொடங்குங்கள்

போன ஐப்பசியில் எங்கள் 7 வண்டிகளில் 2 வண்டி நாமக்கல் ஷெட்டில் 22 நாள் நின்றன. வண்டியில் கோளாறு இல்லை, லோடும் இருந்தது. ஓட்டத்தான் ஆள் இல்லை. டியூ மட்டும் தேதி தவறாமல் போனது. 11 வருடம் நானே ஸ்டியரிங் பிடித்தவன். அப்படியும் ஆள் ஏன் நிற்கவில்லை என்பது எனக்குப் பிடிபடவில்லை. அதற்குப் பிறகு செய்து பார்த்ததில் பலன் கொடுத்ததை, என்னைப் போல நாலைந்து வண்டி வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் வேலை, விலகிப்போன டிரைவரின் வீட்டுக்குப் போவது. போனில் கேட்டால் "உடம்புக்கு முடியலீங்க" என்பார், அதோடு பேச்சு முடிந்துவிடும். நான் நேரில் போனேன். "சம்பளம் பத்தலைன்னு வரலீங்ணா. சும்மா நிக்கறதுதான் முடியல" என்று தன் நோட்டை எடுத்துக் கொடுத்தார். நாமக்கல்லிலிருந்து நாசிக்குக்கு ஜவ்வரிசி, திரும்பி வர வெங்காயம். மொத்தம் 13 நாள். சக்கரம் உருண்டது 6 நாள்தான். மீதி நாளெல்லாம் இறக்கக் காத்திருந்ததும் ரிட்டன் லோடுக்குக் காத்திருந்ததும். நான் படிக்காசு கொடுத்ததோ நாள் கணக்கில் இல்லை, டிரிப் கணக்கில். அந்த 7 நாளும் அவர் கைக்காசில் சாப்பிட்டிருக்கிறார்.

உங்கள் டிரிப் ஷீட்டிலும் இதே கணக்கைப் போடுங்கள்: ஓடிய நாள் ஒரு பக்கம், நின்ற நாள் ஒரு பக்கம். பிறகு, நின்ற நாளுக்குத் தனியாகப் படிக்காசு எழுதுங்கள். லோடு கொடுக்கும் பார்ட்டி ஹால்டிங், அதாவது வண்டி காத்து நின்றதற்கான பணம், கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் டிரைவருக்கு அந்தப் படிக்காசு போக வேண்டும். பார்ட்டியிடம் வாங்குவதற்கும் வழி உண்டு. எத்தனை மணி நேரத்துக்கு மேல் நின்றால் ஹால்டிங் எவ்வளவு என்பதை லோடு ஏற்றும் முன்பே புக்கிங் சீட்டில் எழுதிவிடுங்கள். வண்டி கேட்டுக்கு வந்ததும் டிரைவர் ஒரு போட்டோ எடுத்து அனுப்பட்டும், எல்.ஆர். (லாரி ரசீது) காப்பியில் வந்த நேரம் போட்டு சீல் வாங்கட்டும். ஜிபிஎஸ் பதிவு கையில் இருக்கும்போது யாரும் நேரத்தை மறுத்துப் பேசுவதில்லை.

சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி சீட்டான இ-வே பில்லுக்கு நாள் முடிகிறது என்று டிரைவரை ராத்திரியில் விரட்டாதீர்கள். 200 கிலோமீட்டருக்கு 1 நாள் என்பது கணக்கு. வழியில் பிரேக்டவுன் ஆனாலோ வேறு தடங்கல் வந்தாலோ, காலம் முடிவதற்கு 8 மணி நேரம் முன்பிருந்து முடிந்த பின் 8 மணி நேரம் வரை காரணம் காட்டி நீட்டிக்கலாம். அது ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் நாம் செய்ய வேண்டிய வேலை.

இருக்கிற டிரைவரைத் தக்கவைக்க இது உதவும். ஆனால் புது டிரைவர் எங்கிருந்து வருவார்? அந்தக் காலத்தில் கிளீனர்தான் டிரைவர் ஆனார். நானும் அப்படி வந்தவன்தான். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்து வரிச் சோதனைச்சாவடிகள் போயின. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானது. பேப்பரைத் தூக்கிக்கொண்டு ஓட, டோலில் சில்லறை எண்ண ஆள் தேவையில்லை என்றதும் லாரி வாடகை கட்டுப்படியாகாத நேரத்தில் கிளீனர் சம்பளத்தை மிச்சம் பிடித்தோம். நானும் பிடித்தேன். அன்று இறக்கிவிட்ட பையன்கள்தான் இன்று நாம் தேடுகிற டிரைவர்கள்.

அதனால் ஒரு வண்டியிலாவது அந்த சீட்டை நிரப்புங்கள். 18 வயது முடிந்த பையனாகப் பாருங்கள். கார் ஓட்டும் லைசென்ஸை உங்கள் செலவில் எடுத்துக் கொடுங்கள். அது கைக்கு வந்து 1 வருடம் ஆன பிறகுதான் கனரக வண்டிக்குப் பழகுநர் உரிமம் கேட்க முடியும், வயதும் 20 ஆகியிருக்க வேண்டும். எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்ற விதி 2019லேயே எடுக்கப்பட்டுவிட்டது, அதைச் சொல்லி யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள். இடைப்பட்ட காலத்தில் ஸ்டியரிங் அவன் கைக்குப் போகவே கூடாது. கற்க வேறு நிறைய இருக்கிறது: தார்ப்பாய் மடிப்பு, கயிறு முடிச்சு, டயரைத் தட்டி சத்தத்திலேயே காற்று குறைவதைக் கண்டுபிடிப்பது, ரிவர்ஸில் பின்னால் நின்று சைகை காட்டுவது.

கற்றுக்கொடுக்கும் டிரைவருக்கு மாதாமாதம் தனியாக ஒரு தொகை கொடுங்கள். இதை நான் முதலில் செய்யவில்லை. பையனை டீ வாங்கவும் துணி துவைக்கவும் மட்டுமே வைத்திருந்தார்கள், மூன்றாம் மாதம் ஓடிவிட்டான். பணம் கொடுத்த பிறகு "இன்னைக்கு ஜாக்கி போடப் பழகினான்" என்று டிரைவரே போன் செய்கிறார்.

அந்தப் பையனை ஏற்றும் முன் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் பாருங்கள். டிரைவரோடு கிளீனருக்கும் பிரீமியம் கட்டியிருக்கிறதா? இல்லையென்றால் கட்டிவிட்டு ஏற்றுங்கள்.

லீவு விஷயம் சின்னது, ஆனால் விட முடியாதது. ஊர்த் திருவிழா, பிள்ளைக்குக் காது குத்து என்று டிரைவர் சொல்லும் தேதிகளை ஆபீஸ் காலண்டரில் வட்டம் போட்டு வைக்கிறேன். அதற்கு ஒரு வாரம் முன்பிருந்து அவருக்குத் தென்பக்க லோடு மட்டும்தான். இப்போது புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் கேபினுக்கு ஏசி கட்டாயம், புது வண்டி எடுப்பவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. பழைய வண்டிக்கு நல்ல மெத்தையும் இரண்டு ஃபேனும் நான் போட்டுக் கொடுத்தேன்.

இப்போது 2 வண்டியில் பையன்கள் இருக்கிறார்கள். ஒருவனுக்கு வரும் தை மாதம் 20 வயது முடிகிறது. ஆர்டிஓ ஆபீஸுக்கு நானே கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன்.