கலிபோர்னியாவில் மேல்முறையீடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஓர் இளம் வழக்கறிஞர் தம் முதல் மேல்முறையீட்டுக் கட்டை என் மேசையில் வைத்தார். நான்கு நாள் விசாரணை நடந்திருந்தும், சாட்சிகள் சொன்னதில் ஒரு வரிகூட அதில் இல்லை. பத்து ஆண்டுகளுக்கு முன் நானும் இப்படியொரு கட்டோடுதான் நின்றேன்.

வழக்கை முதலில் விசாரிக்கும் சுப்பீரியர் கோர்ட்டுக்கும் மாநில உச்ச நீதிமன்றத்துக்கும் இடையில் உள்ளது மேல்முறையீட்டு நீதிமன்றம். 1904-இல் அரசமைப்புத் திருத்தத்தால் உருவான இது இன்று ஆறு மாவட்டங்களாக இயங்குகிறது. மூன்று நீதிபதிகள் அமர்ந்து கேட்பார்கள். உச்ச நீதிமன்றம் மிகச் சில மனுக்களையே ஏற்பதால், பெரும்பாலோருக்கு இதுவே கடைசிப் படி.

பதிவில்லாத விசாரணை

பல கவுண்டிகளில் உரிமையியல் வழக்குகளுக்கு விசாரணையில் பேசுவதைச் சொல்லுக்குச் சொல் பதிவு செய்யும் கோர்ட் ரிப்போர்ட்டரை நீதிமன்றம் தருவதில்லை. கட்சிக்காரரே பணம் கொடுத்து அமர்த்திக்கொள்ள வேண்டும். என் கட்சிக்காரர் சிறிய உணவகம் நடத்தியவர். செலவு அதிகமாயிற்றே என்று அவர் தயங்கியபோது, ஆவணங்களே போதும் என்று நான்தான் சொன்னேன். இரண்டாம் நாள் எதிர்த்தரப்புச் சாட்சி, தாம் கையொப்பமிட்டதாகச் சொன்ன தேதியில் ஊரிலேயே இல்லை என்று குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்டார். அதை என் மஞ்சள் குறிப்பேட்டில் எழுதி இரண்டு முறை அடிக்கோடும் இட்டேன். ஆனால் வழக்கறிஞரின் குறிப்பேடு மேல்முறையீட்டுப் பதிவாகாது. கீழ் நீதிமன்றத் தீர்ப்பு சரியானது என்ற அனுமானத்தோடுதான் மேல்முறையீடு தொடங்குகிறது. பிழையைப் பதிவைக் கொண்டு காட்டும் சுமை முறையிடுபவருடையது. எழுத்துப்படி இல்லாததால், தீர்ப்புக்குப் போதிய சாட்சியம் இருந்ததாகவே கொள்ள வேண்டியிருக்கிறது என்று ஒரே பத்தியில் எழுதி, தீர்ப்பை உறுதி செய்தார்கள். அந்த மனிதர் என்னை நம்பி மிச்சப்படுத்திய பணம், அவர் இழந்ததன் முன் ஒன்றுமே இல்லை. இன்று நினைத்தாலும் மனம் கொதிக்கிறது.

வழி இல்லாமல் இல்லை. நீதிமன்றக் கட்டண விலக்குப் பெற்றவர் கேட்டால் ரிப்போர்ட்டரை நீதிமன்றமே தர வேண்டும் என்று ஜேம்சன் எதிர் டெஸ்டா வழக்கில் 2018-இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ரிப்போர்ட்டரே இல்லாமல் விசாரணை முடிந்திருந்தால், நடந்ததைச் சுருக்கி எழுதி, விசாரணை நீதிபதி சரிபார்த்துச் சான்றளிக்கும் அறிக்கையைப் பதிவாக வைக்க முயலலாம். அந்த இளைஞரிடம் அதைத்தான் சொல்லி அனுப்பினேன். ஆனால் மாதங்கள் கழித்து நினைவிலிருந்து எழுதுவதை எதிர்த்தரப்பு வரிக்கு வரி மறுக்கும். ஆகவே விசாரணைத் தேதி குறித்த அன்றே ரிப்போர்ட்டரை ஏற்பாடு செய்துவிடுங்கள்.

மறுவிசாரணை என்று நினைப்பது

சாட்சிகளை மீண்டும் அழைக்க மாட்டார்கள். புதிய சான்றுகளையும் பொதுவாக ஏற்பதில்லை. சட்டக் கேள்வியை நீதிபதிகள் புதிதாக ஆராய்வார்கள், ஆனால் எந்தச் சாட்சியை நம்புவது என்பதில் தலையிட மாட்டார்கள். வாதுரையின் முதல் பக்கத்தை எழுதும் முன்பே உங்கள் குறை எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்.

காலக்கெடு

மேல்முறையீட்டு அறிவிப்பைத் தாக்கல் செய்ய, தீர்ப்புப் பதிவான அறிவிப்பு முறைப்படி சார்பு செய்யப்பட்டதிலிருந்து (அனுப்பிச் சேர்ப்பிக்கப்பட்டதிலிருந்து) 60 நாள். அது வராவிட்டால் தீர்ப்புப் பதிவானதிலிருந்து 180 நாள். தவறினால் மன்னிக்கும் அதிகாரம் அந்த நீதிமன்றத்துக்கே இல்லை.

35,000 டாலருக்கு உட்பட்ட வழக்கு

இவ்வகை உரிமையியல் வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வராது, சுப்பீரியர் கோர்ட்டின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குச் செல்லும்.

வெளியிடப்படாத தீர்ப்புகள்

அதிகாரபூர்வத் தீர்ப்புத் தொகுப்பில் வெளியிட ஆணையிடப்படாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டாதீர்கள். சில விதிவிலக்குகள் தவிர, கலிபோர்னியா நீதிமன்ற விதி 8.1115 அதைத் தடுக்கிறது.