வீட்டுக்கோழி முட்டையை என்ன விலைக்கு விற்கலாம்?

வீட்டில் ஏழெட்டுக் கோழி வளர்ப்பவர்கள் முட்டை மிஞ்ச ஆரம்பித்ததும் முதலில் செய்வது, கடையில் முட்டை என்ன விலை என்று பார்த்து அதைவிடக் கொஞ்சம் குறைத்துச் சொல்வதுதான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கடைக்கு வரும் முட்டை ஆயிரக்கணக்கான கோழிகள் இருக்கும் பண்ணையிலிருந்து வருகிறது, அவர்கள் தீவனத்தை லாரிக்கணக்கில் வாங்குகிறார்கள், நீங்கள் ஒன்றிரண்டு மூட்டையாக வாங்குகிறீர்கள். அந்த விலையோடு போட்டி போட்டால் ஒவ்வொரு முட்டைக்கும் கைக்காசைச் சேர்த்துக் கொடுப்பதாகத்தான் முடியும்.

தீவனத்திலிருந்து தொடங்குங்கள். முட்டையிடும் கோழி ஒன்று நாளுக்குச் சுமார் 110 முதல் 120 கிராம் தீவனம் தின்னும். நன்றாக இடும் பருவத்தில் வாரத்துக்கு 5 முட்டை என்று வைத்தால், முட்டைக்கு 160 கிராம், அதாவது ஒரு கிலோ தீவனத்துக்கு 6 முட்டை வரும். பலரும் இந்த இடத்தோடு கணக்கை நிறுத்திவிடுகிறார்கள், நஷ்டம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. கோழி வருஷம் முழுக்க இதே வேகத்தில் முட்டையிடாது. இறகு உதிர்த்துப் புது இறகு முளைக்கும் வாரங்களில் முட்டை ஏறக்குறைய நின்றுவிடும், பகல்பொழுது சுருங்கும் மாதங்களில் குறையும், நடுவில் ஒன்றிரண்டு அடைக்கு உட்கார்ந்துவிடும். ஆனால் தீனி ஒரு நாளும் நிற்காது. வருஷத்துக்கு 200 முட்டை என்று எடுத்துக்கொண்டால் அந்தக் கோழி அதற்குள் 42 கிலோ தின்றிருக்கும், முட்டைக்கு 210 கிராம் ஆகிறது. கிலோவுக்கு 5 முட்டைகூட இல்லை. உங்கள் கோழி இதைவிடக் குறைவாக இடும் ரகம் என்றால் ஒரு வருஷம் எழுதிவைத்துப் பாருங்கள், காலண்டரில் அன்றன்று எண்ணிக்கையைக் குறித்தாலே போதும்.

குஞ்சாக வாங்கி வளர்த்தால் முதல் முட்டை வருவதற்கு ஐந்து மாதம் போல ஆகும், அதுவரை தின்றதும் செலவுதானே. அதையும் அடுத்த இரண்டு வருஷ முட்டைகளின் தலையில் பிரித்துப் போடுங்கள். அப்புறம் கூண்டுக்குப் போடும் உமி, வைக்கோல், மருந்து, முட்டை அடுக்கும் அட்டை, செத்துப்போகும் கோழி, எலி தின்னும் தீவனம். சின்ன அளவில் வளர்க்கும்போது இவற்றையெல்லாம் தனித்தனியாக எழுதிக்கொண்டிருக்க முடியாது, அதனால் தீவனச் செலவோடு அதில் பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள் என்பேன். இது அடக்கவிலை. தினமும் கூண்டைத் திறந்து, தண்ணீர் மாற்றி, எச்சம் அள்ளும் உங்கள் உழைப்புக்கு இதற்கு மேல்தான் ஏதாவது கிடைக்க வேண்டும். அக்கம்பக்கத்தில் கேட்பவர்களிடம் கூச்சப்பட்டு விலையைக் குறைக்காதீர்கள், தெரிந்தவருக்குச் சும்மா கொடுக்க விரும்பினால் சும்மாவே கொடுங்கள், அது வேறு. விலை என்று சொன்னால் எல்லோருக்கும் ஒரே விலை.

அந்த விலைக்கு ஏற்ற முட்டையைக் கொடுப்பது உங்கள் பொறுப்பு. முட்டை ஓட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சு ஒன்று இருக்கிறது, கிருமி உள்ளே நுழையாமல் தடுப்பது அதுதான், கழுவினால் போய்விடும். ஆகவே கழுவ வேண்டிய நிலை வராமல் பார்த்துக்கொள்வதே நல்லது: முட்டையிடும் பெட்டியில் காய்ந்த வைக்கோலை அடிக்கடி மாற்றுங்கள், ஒரு நாளில் இரண்டு முறையாவது போய் எடுங்கள். லேசாகத் தூசி ஒட்டியிருந்தால் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். எச்சம் அப்பிய முட்டையையும் விரிசல் விட்டதையும் விற்பனைக்கு வைக்காதீர்கள். இருட்டில் டார்ச் வெளிச்சத்தை முட்டையின் அகன்ற பக்கம் ஒட்டிப் பிடித்துப் பார்த்தால், வெளியே தெரியாத மயிரிழை விரிசல்கூட வெள்ளைக் கோடாகத் தெரியும், உள்ளே காற்றறை எவ்வளவு பெரிது என்றும் தெரியும். காற்றறை சின்னதாக இருந்தால் புதுசு. அடுக்கும்போது கூர்முனை கீழே இருக்கட்டும், ஒவ்வொரு அட்டையிலும் எடுத்த தேதியை எழுதுங்கள். வாங்குபவர் திரும்பி வருவதற்கு அந்தத் தேதி ஒரு பெரிய காரணம். பழைய அட்டையை மறுபடி பயன்படுத்தினால் அதிலிருக்கும் வேறு பண்ணையின் பெயரையும் தேதியையும் அடித்துவிடுங்கள்.

கோழிக்கு மருந்து கொடுத்திருந்தால், எத்தனை நாள் முட்டையைத் தின்னக் கூடாது என்று மருந்து டப்பாவில் போட்டிருக்கும், இல்லையென்றால் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். அந்த நாட்களில் வரும் முட்டை ஒன்றுகூட வெளியே போகக் கூடாது. இதில் சமரசமே கிடையாது.

சட்டம் இடத்துக்கு இடம் வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் கடைக்குப் போகும் முதல்தர முட்டையைப் பொதுவாகக் கழுவவே கூடாது, அமெரிக்காவில் பெரிய பண்ணைகள் கழுவிக் குளிரூட்டித்தான் அனுப்புகின்றன. நேரில் ஒருவருக்கு விற்பதற்கும் கடைக்கோ உணவகத்துக்கோ கொடுப்பதற்கும் விதிகள் மாறலாம், அதனால் விற்கும் முன் உங்கள் ஊர் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வாங்குபவர்கள் பழுப்பு ஓடு சத்தா, வெள்ளை ஓடு சத்தா என்று கேட்பார்கள். ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது, சத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நேராகச் சொல்லுங்கள். மஞ்சள் கரு அடர்த்தியாக இருப்பது கீரை, புல் மாதிரி தின்றதால் வரும் நிறம். சின்ன ரத்தப்புள்ளி கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை. இந்த மூன்றையும் பொறுமையாகச் சொல்லத் தெரிந்தால் பேரம் பாதி குறைந்துவிடும்.

விடைக்கோழி, அதாவது புதிதாக முட்டையிட ஆரம்பிக்கும் இளங்கோழி, முதல் சில வாரங்களில் இடும் முட்டை சிறிசாக இருக்கும், அவற்றைத் தனி அட்டையில் வைத்துக் குறைந்த விலைக்குக் கொடுங்கள், பெரியதோடு கலக்காதீர்கள். வாராவாரம் வாங்குபவர்கள் நான்கைந்து வீடு சேர்ந்தால் அவர்களுக்குத்தான் முதலிடம், முட்டை குறையும் மாதத்தில் இருப்பதை அவர்களுக்குச் சமமாகப் பங்கிடுங்கள். தீவன விலை ஏறினால் இரண்டு வாரம் முன்னதாகவே சொல்லிவிட்டு ஏற்றுங்கள்.