இல்லப் பொறுப்பாசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதலாம் தவணை தொடங்கினால் இலங்கையின் வடக்கே வன்னிப் பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டி என்ற பேச்சுத்தான்; பிள்ளைகளை இல்லங்கள் என்ற அணிகளாகப் பிரித்து நடத்தும் விளையாட்டுப் போட்டி அது. புதிதாக இல்லம் பொறுப்பெடுக்கும் இளம் ஆசிரியர்கள், எங்கள் தலைமுறை விட்ட அதே பிழைகளை விடுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. பெயர்ப்பட்டியலைச் சரிபார், கொடிகளை எண்ணி வை என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விடுகிறேன்.

ஓட்டக்காரரைத் தன் இல்லத்துக்கு இழுப்பது

ஆறாம் தரத்துக்கு வரும்போதே பதிவேட்டு வரிசைப்படி மாறி மாறிப் பிரித்துவிடுங்கள். அக்கா இருந்த இல்லத்தில் தங்கச்சியைச் சேர்க்கலாம். அதற்குமேல் மாற்றமே வேண்டாம்.

அலங்காரத்துக்குப் பிள்ளைகளிடம் காசு சேர்ப்பது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். போட்டி நடப்பது தை, மாசியில். அப்போது மாரி மழையை நம்பி விதைத்த காலபோக நெல் வயலில் நிற்கும், அல்லது அறுத்து விற்கும் அந்தரத்தில் இருக்கும். கையில் காசு வரும்வரை பல வீடுகளில் கடைக் கடன் கொப்பிதான் சோறு போடும். அந்த நேரம் பார்த்து, "நாளைக்குக் காசு கொண்டு வாங்கோ" என்கிறோம்.

நான் படிப்பித்த ஒரு பாடசாலையில், உயரம் பாய்தலில் கெட்டிக்காரியான பிள்ளையொன்று ஒரு கிழமையாக வரவில்லை. வீட்டுக்குப் போனேன். தாய் கச்சான் புடுங்கக் கூலிக்குப் போயிருந்தா. பிள்ளை கதவடியில் நின்று சொன்னது: "காசு குடுக்கேல்ல ரீச்சர். பேர் வாசிப்பினம்." திரும்பி வந்து இல்லக் கொப்பியைப் பார்த்தேன். காசு தராதவர்களின் பெயருக்கு நேரே சிவப்புப் பேனையால் வட்டம். பொறுப்பாசிரியர் போட்டது. அந்தக் காசில் நின்ற ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பலகை) வாசல் போட்டியன்று பின்னேரமே காற்றில் பிரிந்து மைதானம் முழுக்கப் பறந்தது. உயரம் பாய்தலில் எங்கள் இல்லத்துக்கு ஆளில்லை.

இந்த இல்ல முறை இங்கிலாந்தின் விடுதிப் பாடசாலைகளில் பிறந்தது. பிள்ளைகள் தங்கியிருந்த விடுதிகள்தான் பிறகு ஒன்றோடொன்று போட்டியிடும் அணிகளாயின. விடுதிப் பொறுப்பாளரின் வேலை, பிள்ளை சாப்பிட்டதா, காய்ச்சலா என்று பார்ப்பது. நம் பொறுப்பாசிரியருக்கும் முதல் வேலை அதுவே. புள்ளி அடுத்தது.

அலங்காரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பனையோலை, தென்னங்குருத்து, வாழை, காட்டுக் கம்பு எல்லாம் நம்மைச் சுற்றி இருக்கின்றன. தோரணம் பின்னத் தெரிந்த அப்பாக்களும் அம்மம்மாக்களும் கூப்பிட்டால் வருவார்கள். இது போதாதென்றால் பழைய மாணவரிடம் கேளுங்கள். பிள்ளையிடம் கேட்காதீர்கள். எவர் தந்தார், எவர் தரவில்லை என்று கொப்பியில் எழுதவே எழுதாதீர்கள்.

ஒரே பிள்ளையை எல்லாவற்றுக்கும் இறக்குவது

100 மீற்றர், நீளம் பாய்தல், அஞ்சலோட்டம் எல்லாம் ஒரே பிள்ளைக்கென்றால் மற்றவர்கள் கைதட்டத்தான் வருவார்கள். ஒருவருக்கு இத்தனை நிகழ்ச்சிதான் என்று முதற்கூட்டத்திலேயே எல்லை வையுங்கள். குண்டு போடுதலில் கடைசியாக வந்த பிள்ளையின் பெயரும் பட்டியலில் இருக்கட்டும்.

மத்தியான வெயிலில் அணிநடைப் பழக்கம்

வேண்டாம்.

போட்டியோடு இல்லத்தைக் கலைப்பது

கிண்ணம் கொடுத்த மறுநாளே இல்லக் கொப்பி அலுமாரிக்குள் போய்விடுகிறது. வினாவிடை, நாடகம், சிரமதானம் எல்லாவற்றையும் இல்லவாரியாக நடத்தலாம். ஓடத் தெரியாத பிள்ளை தன் இல்லத்துக்குப் புள்ளி எடுப்பது அங்கேதான். போட்டி முடிந்த கிழமையே அடுத்த இல்லக் கூட்டத்துக்குத் திகதி குறித்து, அறிவித்தல் பலகையில் போடுங்கள்.