ரயில் ஓட்ட ஆசையா? புத்தகத்துக்கு முன்னால் கண்ணைப் பாருங்கள்

மண்டபம், உச்சிப்புளி, பாம்பன் பக்கம் ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைகள் பலருக்கு உதவி லோகோ பைலட், அதாவது ரயில் ஓட்டுநருக்கு உதவியாளர் வேலை மேல் ஒரு கண். ஆசை வந்ததும் கோச்சிங் சென்டரில் பணம் கட்டிவிடாதீர்கள். நான் சொல்லும் வரிசையில் போங்கள்.

முதல் படி: கண் பரிசோதனை

பாடத்தை எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம், கண் அப்படியல்ல. இந்த வேலைக்கு ரயில்வே கேட்பது ஏ-1 மருத்துவத் தரம். கண்ணாடி இல்லாமல் இரண்டு கண்ணிலும் தூரப்பார்வை 6/6 இருக்க வேண்டும். நிறங்களைப் பிரித்தறிவது, இரவுப் பார்வை இரண்டையும் சோதிப்பார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை சிக்னலை நம்பித்தான் வண்டி ஓடுகிறது. நிறக்குறைபாடு ஆண்களுக்கு அதிகம், பலருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. பார்வையைச் சரிசெய்யும் லேசிக் லேசர் அறுவை செய்தவர்களையும் எடுப்பதில்லை.

ராமநாதபுரம் போய் ஒரு கண் டாக்டரைப் பார்த்து, "ரயில்வே ஏ-1 தரத்துக்குப் பாருங்கள்" என்று கேளுங்கள். தேறவில்லை என்றால் மனசு உடைய வேண்டாம். டெக்னீசியன் போன்ற பணிகளுக்கு மருத்துவத் தரம் வேறு.

இரண்டு: தகுதியும் காகிதமும்

பத்தாம் வகுப்போடு ஃபிட்டர், எலக்ட்ரீசியன், டீசல் மெக்கானிக் போன்ற பிரிவில் ஐ.டி.ஐ., அல்லது மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் போன்ற டிப்ளமோ. 2025 அறிவிப்பில் வயது 18 முதல் 30. ஓ.பி.சி.க்கு 3 ஆண்டு, எஸ்.சி., எஸ்.டி.க்கு 5 ஆண்டு தளர்வு. ஓ.பி.சி. சான்றிதழ் மத்திய அரசு படிவத்தில் இருக்க வேண்டும், அதை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

மூன்று: எழுத்துத் தேர்வு

கணினியில் இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் 60 நிமிடத்துக்கு 75 கேள்வி. அது வடிகட்டத்தான். தமிழிலேயே எழுதலாம். மூன்று தவறுக்கு ஒரு மதிப்பெண் போகும், அதனால் குத்துமதிப்பாக அடிக்காதீர்கள்.

நான்கு: மனத்திறன் தேர்வு

நன்றாகப் படிப்பவர்களும் சறுக்கும் இடம் இது. நினைவாற்றல், சொன்னதைச் சொன்னபடி செய்வது, ஆழத்தைக் கணிப்பது, கவனம், பார்த்ததும் சட்டென்று புரிந்துகொள்வது என்று ஐந்து சோதனைகள். ஒவ்வொன்றிலும் குறைந்தது 42 டி-ஸ்கோர் (மற்றவர்களோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் மதிப்பெண்) வேண்டும். இதில் எந்தப் பிரிவினருக்கும் சலுகை கிடையாது. தரவரிசையில் 30 சதவீதம் இதிலிருந்துதான் வருகிறது. கேள்விகள் ஆங்கிலம், இந்தியில் மட்டுமே. தமிழ் வழியில் படித்தவர்கள் வழிமுறைகளை ஆங்கிலத்தில் வேகமாகப் படித்துப் பழகுங்கள். ரயில்வேயின் ஆராய்ச்சி அமைப்பான ஆர்.டி.எஸ்.ஓ.வின் இணையதளத்தில் மாதிரிகள் இருக்கின்றன, காசு கொடுத்து வாங்க வேண்டாம். கண் சான்றிதழை இங்கேயே கேட்பார்கள்.

ஐந்து: விதிக்குக் கட்டுப்படும் குணம்

என்னைக் கேட்டால் இதுதான் தலையாயது. பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தொட்டால் ரயிலுக்கு அனுமதி இல்லை. ராமேஸ்வரம் கண்ணுக்குத் தெரிந்தாலும், பயணிகள் முணுமுணுத்தாலும் வண்டி நிற்க வேண்டும். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயிலையே அலை அடித்துப்போன கரை இது. காற்றோடு விளையாடக் கூடாது என்று நம் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எஞ்சினில் ஓட்டுநர், உதவியாளர் இருவரும் ஒவ்வொரு சிக்னலையும் வாய்விட்டுச் சொல்லி உறுதிப்படுத்துவார்கள். மூத்தவர் தவறவிட்டால் எடுத்துச் சொல்லும் துணிச்சல் உதவியாளருக்கு வேண்டும். பணியில் ஏறும்போது மூச்சுப் பரிசோதனை உண்டு, குடிப்பழக்கம் இருந்தால் இந்தப் பக்கம் வராதீர்கள்.

அப்புறம், வீட்டில் இப்போதே பேசி வையுங்கள். டூட்டி நடுராத்திரியிலும் வரும், ஏர்வாடி சந்தனக்கூடு அன்றும் தீபாவளியன்றும் வரும். பகலில் தூங்க ஒரு அமைதியான அறை வேண்டும். அதை யார் ஏற்பாடு செய்வது என்பதுவரை பேசிவிடுங்கள்.