பேனா வாங்கும்போது ரீஃபிலைக் கழற்றிப் பாருங்கள்

கடையில் பேனாவைக் கையில் எடுத்தால் கண் போவது நிறத்துக்கு, கிளிப்புக்கு, மேலே அச்சிட்ட பெயருக்கு. இவற்றில் எதுவும் எழுதாது. எழுதுவது ரீஃபில் நுனியில் உள்ள, பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாத குண்டும் அதற்குப் பின்னால் நிற்கும் மையும்தான். திருகித் திறக்கக்கூடிய பேனா என்றால் திறந்து ரீஃபிலைப் பாருங்கள். திறக்க வழியே இல்லாத பேனா மை தீர்ந்ததும் குப்பைக்குப் போகும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வகை மை

பழைய பால்பாயின்ட் மை எண்ணெய்ப் பசை. பத்திரிகை அச்சு மை சீக்கிரம் காய்கிறதே, அதைப் பேனாவில் போட்டால் என்ன என்று யோசித்த ஹங்கேரியப் பத்திரிகையாளர் லாஸ்லோ பீரோ, 1938இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அவ்வளவு கெட்டியான மை நிப்பில் இறங்காது என்பதால்தான் உருளும் குண்டு வந்தது. குண்டு உருளும்போது உள்ளே மையைப் பூசிக்கொண்டு வந்து தாளில் தடவுகிறது. குண்டு உருளத் தாளின் பிடிமானம் வேண்டும். மை இறங்கக் கையின் அழுத்தம் வேண்டும். பால்பாயின்டின் நல்லது கெட்டது எல்லாம் இந்த இரண்டிலிருந்துதான் வருகின்றன.

ஜெல் மை நீரில் கரைந்த சாயம் அல்லது நீரில் மிதக்கும் நிறமி. ஜப்பானின் சகுரா நிறுவனம் 1984இல் இதைக் கொண்டுவந்தது. நிற்கும்போது கூழ், குண்டு உருண்டதும் நீர்போல இளகும், தாளில் விழுந்ததும் மறுபடி கூழ். அதனால் அழுத்தவே வேண்டாம், பேனாவின் எடையே போதும். கோடு அடர்த்தியாக, ஒரே சீராக விழும். விலையாகக் கொடுப்பது இரண்டு: காயும்வரை காத்திருக்க வேண்டும், மை சீக்கிரம் தீரும். சாதாரண பால்பாயின்ட் ரீஃபில் ஒன்று முதல் இரண்டு கிலோமீட்டர் வரை கோடு போடும். ஜெல் ரீஃபில் பெரும்பாலும் ஒரு கிலோமீட்டரை எட்டாது.

மூன்றாவது, இளகிய எண்ணெய் மை. யூனி ஜெட்ஸ்ட்ரீம் பேனாவால் பரவலாகத் தெரிய வந்தது. பால்பாயின்ட் போலச் சட்டென்று காயும். ஜெல்லைப் போல வழுக்கிக்கொண்டு ஓடும். எந்த வகை என்று முடிவுசெய்ய முடியாமல் நிற்பவர்கள் இதில் 0.7 முனையை எடுத்தால் பெரும்பாலும் வருத்தப்பட வேண்டியிருக்காது.

முனை அளவும் தமிழ் எழுத்தும்

பேனாவில் போட்டிருக்கும் 0.5, 0.7, 1.0 என்பவை மில்லிமீட்டரில் குண்டின் விட்டம். கோட்டின் அகலம் வேறு. பால்பாயின்டில் கோடு குண்டின் விட்டத்தில் பாதிக்கும் கீழே இருக்கும். ஜெல்லில் பாதியைத் தாண்டும். ஆகவே 0.7 ஜெல்லும் 0.7 பால்பாயின்டும் ஒன்றல்ல. பால்பாயின்டில் 0.7 பழகியவர் ஜெல்லுக்கு மாறும்போது 0.5 எடுத்தால்தான் எழுத்து அதே தடிமனில் வரும்.

தமிழில் எழுதுபவருக்கு இது கூடுதலாக உறைக்கும். ண, ஞ, ஐ, லை, ணை என்று சுழிகள் நிறைந்த எழுத்துகள். பொடியாக எழுதும் கையில் 0.7 ஜெல் கிடைத்தால் சுழிகள் அடைத்து, மூன்று சுழி ‘ண’வா இரண்டு சுழி ‘ன’வா என்று தெரியாமல் போகும். எட்டு மில்லிமீட்டர் கோடு போட்ட நோட்டில் நடுத்தரக் கையெழுத்துக்கு ஜெல்லில் 0.5 பொருந்தும், பொடி எழுத்துக்கு 0.38. பால்பாயின்டில் 0.7 போதும், பெரிதாக எழுதினால் 1.0. இதற்கும் கீழே போக ஆசைப்பட வேண்டாம். குண்டு சிறிதாகச் சிறிதாக முனை தாளைக் கீறும், நார் குண்டில் சிக்கும்.

புள்ளியையும் கவனியுங்கள். பால்பாயின்டில் குண்டு உருண்டால்தான் மை வரும். அவசரத்தில் புள்ளியை வெறுமனே தட்டிவிட்டுப் போனால் மங்கலான குழிதான் மிஞ்சும், ‘க்’ என்று எழுதியது ‘க’ ஆகிவிடும். ஒன்று புள்ளியைச் சின்னதாகச் சுழித்து வைக்கப் பழக வேண்டும், அல்லது ஜெல்லுக்குப் போக வேண்டும். ஜெல் தொட்டாலே புள்ளி விழும்.

முனையின் வடிவமும் இரண்டு வகை. கூம்பு முனை உறுதியானது, முரட்டுக் கைக்கு அதுதான். ஊசி முனை அளவுகோலை ஒட்டிக் கோடு போட வசதி, எழுதும் இடமும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் ஒருமுறை முனை தரையில் பட விழுந்தால் மெல்லிய குழாய் வளைந்துவிடும்.

கடையில் எழுதிப் பார்க்கும் முறை

புதுப் பேனா முனையில் ரப்பர் போன்ற ஒரு மெழுகு மணி இருக்கலாம். அதை நகத்தால் எடுத்துவிடுங்கள். கண்ணாடி மேசைமீது ஒற்றைத் தாளை வைத்து எழுதிப் பார்க்காதீர்கள். அடியில் மெத்தென்று ஐந்தாறு தாள் இருக்க வேண்டும். முதல் இரண்டு வரியை வைத்து முடிவு சொல்ல வேண்டாம், குண்டு மையில் நனைய அவ்வளவு ஆகும்.

பிறகு வேகமாக ஒரு வரி முழுக்க எட்டு எட்டாகச் சுழியுங்கள். வளைவில் கோடு வெளுத்தால் மை குண்டுக்கு ஈடுகொடுக்கவில்லை. அடுத்து நிதானமாக ஒரு நீளக் கோடு. நடுவே வெள்ளைக் கீற்று ஓடினால் முனையில் குறை. அடுத்து பொடியாக ‘ணணண’, பக்கத்தில் பத்துப் புள்ளி. ஐந்து விநாடி கழித்து ஒரு சுழியை விரலால் தேயுங்கள், பதினைந்து விநாடி கழித்து இன்னொன்றை. முதல் தேய்ப்பிலேயே இழுபடாத ஜெல் கிடைத்தால் விடாதீர்கள். கடைசியாகத் தாளைத் திருப்பிப் பின்பக்கம் எவ்வளவு தெரிகிறது என்று பாருங்கள். முடிந்தால் நீங்கள் எழுதப்போகும் நோட்டிலேயே சோதியுங்கள். ஒரே பேனா இரண்டு தாளில் இரண்டு பேனாவாக நடந்துகொள்ளும்.

அமுக்கு பேனாவானால் முனையை வெளியே விட்டு, தாளில் அழுத்திப் பக்கவாட்டில் அசையுங்கள். லொடலொடவென்று ஆடினால் பக்கத்துக்கு நாலு முறை எரிச்சல் வரும். பிடியைப் பொறுத்தவரை, நிறைய எழுதுபவருக்குச் சற்றுத் தடிமனான, வழுக்காத பிடி நல்லது. ஒல்லிப் பேனாவை விரல்கள் இறுக்கிப் பிடிக்கும். வலி அங்கிருந்துதான் தொடங்கும். உலோகப் பேனா கையெழுத்துப் போட அழகு, மூன்று மணி நேரத் தேர்வுக்குப் பாரம்.

எந்த வேலைக்கு எது

அடியில் கார்பன் வைத்த படிவம், நகல் ரசீதுப் புத்தகம்: பால்பாயின்ட் மட்டுமே. ஜெல்லை அழுத்தினால் மேலே மைக்குளம் கட்டும், கீழே தெளிவாக விழாது. வழவழப்பான அட்டையில் குண்டுக்குப் பிடிமானம் இல்லை, ஜெல்லும் காயாது. அங்கே மார்க்கர்தான் கைகொடுக்கும்.

பத்திரம், காசோலை, நாள்பட இருக்க வேண்டிய ஆவணம் என்றால் பெட்டியில் ஐ.எஸ்.ஓ. (சர்வதேசத் தர அமைப்பு) எண்ணைத் தேடுங்கள். பால்பாயின்டுக்கு 12757-2, ஜெல்லுக்கு 27668-2. இரண்டிலும் அந்த ‘2’தான் முக்கியம். ஆவணங்களுக்கான தரம் அது. ‘1’ என்பது பொதுப் பயன்பாட்டுக்கு. நிறமி கலந்த ஜெல் மை தாளின் நாருக்குள் தங்கிவிடும், ரசாயனம் கொண்டு கழுவி எடுப்பது கடினம். சாயம் கலந்த பால்பாயின்ட் மை ஆல்கஹாலில் கரையும். சட்டையில் பட்ட பால்பாயின்ட் கறை சானிடைசரில் இளகுவதும், ஜெல் கறை பிடிவாதமாக நிற்பதும் இதனால்தான்.

தேய்த்தால் அழியும் பேனாக்களை ஆவணத்தின் பக்கமே கொண்டுபோக வேண்டாம். அந்த மை பெரும்பாலும் ரப்பரால் உரிவதில்லை. தேய்க்கும் சூட்டில், சுமார் 60 டிகிரி செல்சியஸில், நிறமிழக்கிறது. வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு நோட்டு முழுக்க வெளுத்துப்போகக்கூடும்.

இடக்கைக்காரர்களுக்கு, எழுதியதன் மேலேயே கை போகும் என்பதால், இளகிய எண்ணெய் மை அல்லது சீக்கிரம் உலரும் ஜெல். எழுதிய மேல் ஹைலைட்டர் ஓட்டும் மாணவர்களுக்கும் இதே பதில்.

மக்கர் செய்யும்போது

பால்பாயின்ட் ஓரிடத்தில் மட்டும் எழுத மறுத்தால் பேனாவை உதறுவதற்கு முன் தாளைச் சந்தேகியுங்கள். வியர்வையும் எண்ணெயும் பட்ட இடத்தில் குண்டு உருளாமல் வழுக்கும். உள்ளங்கைக்கு அடியில் ஒரு துண்டுத்தாள் வைத்து எழுதினால் தீரும். எல்லா இடத்திலும் மறுத்தால் ரீஃபிலைக் கைக்குள் இரண்டு நிமிடம் வைத்துச் சூடேற்றி, சொரசொரப்பான தாளில் சுழியுங்கள். தீக்குச்சி காட்டும் பழக்கம் வேண்டாம். பிளாஸ்டிக் உருகும், மை கக்கும்.

சுழியின் முடிவில் திட்டு விழுவது கெட்டி மையின் குணம். தாளில் இறங்காத மிச்ச மை முனையின் விளிம்பில் சேர்ந்து, கனத்ததும் சொட்டாக இறங்குகிறது. இரண்டு பக்கத்துக்கு ஒருமுறை முனையைத் துணியில் துடைத்தால் போதும். புதிதில் இல்லாத திட்டு, பாதி ரீஃபிலுக்குப் பிறகு அதிகமானால் குண்டு உட்காரும் கிண்ணம் தேய்ந்துவிட்டது. மாற்றுவதைத் தவிர வழியில்லை.

ஜெல் ரீஃபிலில் மைக்குப் பின்னால் கண்ணாடி போன்ற ஒரு கொழுப்புப் படலம் தெரியும். மை காயாமலும் பின்னால் ஒழுகாமலும் காப்பது அதுதான். வாங்கும்போது அது முழுசாக இருக்கிறதா, மைக்கு நடுவே காற்று இடைவெளி உண்டா என்று பாருங்கள். இடைவெளி இருந்தால் பழைய சரக்கு, அல்லது அடிபட்டது. மை இருந்தும் ஜெல் எழுதாவிட்டால் ஈரத் துணியில் முனையை ஒற்றிச் சுழித்துப் பாருங்கள். மசியாவிட்டால் உள்ளே காற்று புகுந்திருக்கும். சுவரில் வைத்து எழுதினாலோ முனை மேலே பார்க்கப் படுத்துக்கொண்டு எழுதினாலோ இப்படி ஆகும். மூடி போட்ட பேனாவை, முனை வெளிப்பக்கம் பார்க்க, ஒரு கயிற்றில் இறுகக் கட்டிச் சுழற்றினால் மை முன்னே இறங்கலாம். பின்னாலிருந்து ஊதுவது மட்டும் கூடாது.

ரீஃபில் வாங்கும்போது

ஐ.எஸ்.ஓ. ‘ஜி2’ என்பது பார்க்கர் வகை என்று கேட்டால் கிடைக்கும் தடித்த ரீஃபில், நீளம் சுமார் 98 மில்லிமீட்டர். பைலட் நிறுவனத்தின் ‘ஜி2’ என்பது ஒரு ஜெல் பேனாவின் பெயர்; அதன் ரீஃபில் இன்னும் நீளம். ஒன்றில் மற்றது நுழையாது. பல வண்ணப் பேனாவுக்கு ‘டி1’ என்ற 67 மில்லிமீட்டர் குச்சி ரீஃபில். எண் நினைவில்லாவிட்டால் தீர்ந்த ரீஃபிலைக் கையோடு கொண்டுபோய் நீளம், தடிமன், ஸ்பிரிங் உட்காரும் தோள் மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஜெல் ரீஃபிலைப் பெட்டி பெட்டியாக வாங்கிச் சேர்க்க வேண்டாம். எழுதாமல் வைத்தாலும் காயும். பால்பாயின்ட் அதைவிட வெகுநாள் தாங்கும்.